மணலில் கிடைத்த நகையில் ஓர் எண்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மெட்டல் டிடெக்டரோடு கடற்கரைக்குப் போய்வருகிறேன். என் பெரியப்பா சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு நகைப் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். உரைகல்லை எப்படிப் பிடிப்பது, திருகாணியில் எதைத் தேடுவது என்பதெல்லாம் சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். அதனால் யாருக்காவது மோதிரமோ சங்கிலியோ கிடைத்தால் முதல் படம் எனக்குத்தான் வரும். கேள்விகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

மோதிரம் ஒண்ணு கிடைச்சிருக்கு. உள்ளே 916னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?

ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி 84 பங்கு செம்பு, வெள்ளி போன்ற வேறு உலோகம் என்று அர்த்தம். நாம் 22 காரட் என்று சொல்வது இதைத்தான். சுத்தத் தங்கத்தை 24 பங்காக வைத்துக்கொண்டால் அதில் 22 பங்கு. 22ஐ 24ஆல் வகுத்தால் 0.9166 வரும், அதிலிருந்து வந்த எண்தான் 916. நம் வீட்டு நகைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த எண் செய்தவர் சொன்ன சொல். சொன்னது உண்மையா என்று பார்ப்பது வேறு வேலை, அதற்குப் பின்னால் வருகிறேன்.

அப்போ 750, 585, 375 எல்லாம் என்ன? 18கே-ன்னு போடறதும் இதுவும் ஒண்ணா?

ஒன்றுதான். எண்ணை ஆயிரத்தால் வகுத்து 24ஆல் பெருக்கினால் காரட் கிடைத்துவிடும். 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14, 417 என்றால் 10, 375 என்றால் 9. 999 என்றால் 24 காரட். 583 என்று பார்த்தால் பெரும்பாலும் பழைய சோவியத் நாட்டு 14 காரட் நகை.

ஜப்பானிய நகைகளில் கே எழுத்து முன்னால் வந்து எண் பின்னால் வரும். மற்ற நாடுகளில் பெரும்பாலும் எண் முதலில், கே பிறகு. அமெரிக்க நகைகளில் கே-க்குப் பின்னால் ஒரு ‘பி’ இருக்கலாம். அதைப் பார்த்து முலாம் என்று நினைத்து நல்ல மோதிரத்தைத் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தனியாக வரும் அந்தப் ‘பி’ முலாம் அல்ல, சொன்ன காரட்டுக்குக் குறையாமல் இருக்கிறது என்பதற்கான அடையாளம். முலாமுக்கு வேறு எழுத்துகள் உண்டு, கீழே பாருங்கள்.

முத்திரை எங்கே இருக்கும்? தேடித் தேடிப் பார்த்துட்டேன், ஒண்ணும் காணோம்.

மோதிரத்தில் உள்வளைவில் இருக்கும், பெரும்பாலும் கல்லுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில். சங்கிலியில் கொக்கியிலோ, கொக்கிக்குப் பக்கத்தில் தொங்கும் சின்னத் தகட்டிலோ இருக்கும். தோட்டில் தண்டிலும் திருகாணியிலும் பாருங்கள். பதக்கத்தில் பின்பக்கம் அல்லது கோர்க்கும் வளையம். வளையலில் உள்பக்கம்.

வெளிச்சத்தை நேராக அடிக்காதீர்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசிக் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவுகட்டிய ஒரு மோதிரத்தில் மூன்றாம் நாள் மாலை வெயிலில்தான் 750 கண்ணுக்குத் தெரிந்தது.

இன்னொன்று. கொக்கியில் இருக்கும் முத்திரை கொக்கிக்கு மட்டும்தான் பேசும். அறுந்த சங்கிலிக்குக் கொக்கி மாற்றுவது சாதாரண வேலை. முலாம் சங்கிலியில் தங்கக் கொக்கியும் பார்த்திருக்கிறேன், அதற்கு மாறாகவும் பார்த்திருக்கிறேன்.

மண்ணும் உப்பும் கெட்டியா ஒட்டியிருக்கு. எதைப் போட்டுக் கழுவலாம்?

நல்ல தண்ணீரில் ஒரு ராத்திரி ஊற வையுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, மிக மென்மையான பிரஷ். இடுக்கில் இருப்பதை மரப் பல்குத்தியால் எடுக்கலாம். அவ்வளவு போதும். பற்பசை வேண்டாம், அது உரசித் தேய்க்கும். ஆரம்பத்தில் நான் ஒரு மோதிரத்தைப் பற்பசையால் பளபளக்கத் தேய்த்து, உள்ளே பொறித்திருந்த பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளை மங்க வைத்துவிட்டேன். இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

குளோரின் கலந்த பிளீச் கூடவே கூடாது. காரட் குறைந்த தங்கத்தை அது அரித்து நொறுங்க வைக்கும். முத்தும் பவளமும் பதித்த நகைக்கு வினிகரும் ஆகாது. பழைய நம்மூர் நகை என்று தெரிந்தால் வெந்நீரிலும் போடாதீர்கள். உள்ளே கூடாகச் செய்து அரக்கு நிரப்பியிருப்பார்கள், சூடு பட்டால் இளகிவிடும்.

எண்ணோட கூட ஜிபி, ஜிஎஃப்-னு எழுத்து இருக்கு. விலை போகுமா?

ஜிபி, ஜிஇபி, ஹெச்ஜிஇ, ஆர்ஜிபி என்ற ஆங்கில எழுத்துகள் வந்தாலே மேலே பூச்சு, உள்ளே வேறு உலோகம். 18கே ஜிபி என்றால் 18 காரட் தங்கத்தால் முலாம் பூசியது என்றுதான் பொருள், நகையே 18 காரட் அல்ல. ஜிஎஃப் என்றால் பூச்சைவிடக் கொஞ்சம் தடிமனாகத் தங்கத் தகட்டை ஒட்டியது. அதற்கு முன்னால் 1/20 என்று இருந்தால் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு அந்தக் காரட் தங்கம்.

925 என்றால் வெள்ளி. தங்க நிறத்தில் 925 இருந்தால் வெள்ளியின் மேல் தங்க முலாம். 316எல் என்றால் துருப்பிடிக்காத எஃகு. விலை பெரிதாகப் போகாது. ஆனால் தொலைத்தவருக்கு அது அம்மா வாங்கிக் கொடுத்ததாக இருக்கலாம், அதனால் விலையில்லாததையும் நான் வீசுவதில்லை.

கேடிஎம்-னு போட்டிருக்கு. எங்க பாட்டி அதுதான் சுத்தத் தங்கம்னு சொல்வாங்க.

பாட்டி சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நகையின் துண்டுகளை ஒட்ட வைக்கும் பற்றாசில் முன்பு செம்பும் வெள்ளியும் நிறையச் சேர்ப்பார்கள். ஒட்டு அதிகமுள்ள நகையை உருக்கினால் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், குறைந்துவிடும். பிறகு காட்மியம் சேர்த்த பற்றாசு வந்தது. அதில் தொண்ணூற்று இரண்டு பங்கு தங்கம், எட்டுப் பங்கு காட்மியம். உருக்கினாலும் மாற்று குறையாததால் ‘கேடிஎம் நகை’ என்று கடைக்காரர்கள் பெருமையாக விற்றார்கள். காட்மியம் என்ற பெயரைச் சுருக்கியதுதான் அந்த மூன்று எழுத்து.

ஆனால் அது எப்படி ஒட்டினார்கள் என்பதைச் சொல்லும் முத்திரை. எத்தனை காரட் என்று யாரும் சோதித்துக் கொடுத்தது அல்ல. காட்மியப் புகை பட்டறையில் உட்கார்ந்து ஊதுபவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அதனால்தான் அது ஒதுக்கப்பட்டது. பெரியப்பா கேடிஎம் வேலை வந்தால் சன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உட்காருவாராம். உங்கள் நகையில் கேடிஎம் இருந்தால், பெரும்பாலும் சில பத்து வருடங்களுக்கு முன்னால் இந்தியாவில் செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தில் 916 இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள்.

சின்ன முக்கோணம், அப்புறம் 22கே916, அதுக்கப்புறம் ஆறு எழுத்து. இது என்ன ரகசியக் குறியா?

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) ஹால்மார்க், அதாவது சோதித்துப் போடும் தர முத்திரை. முக்கோணம் அவர்கள் சின்னம். ஆறு எழுத்தும் எண்ணும் கலந்து வருவது அந்த ஒரு நகைக்கு மட்டும் கொடுத்த அடையாள எண். 2021இல் இந்த முறை வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்று இந்தியாவில் ஆக்கிவிட்டார்கள். பிஐஎஸ் கேர் என்ற செயலியில் அந்த ஆறையும் போட்டால் எந்த வகை நகை, என்ன தரம், எந்த நகைக்கடை பதிவு செய்தது என்று காட்டும். கையில் இருப்பது மோதிரம், செயலி கம்மல் என்று சொன்னால், எண்ணைக் களவாடிப் போட்டிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வாங்கியவர் பெயரைச் செயலி சொல்லாது. ஆனால் கடை தெரிந்தால் போலீசாருக்குப் பிடி கிடைக்கும். பழைய இந்திய ஹால்மார்க்கில் ஆறு எழுத்துக்குப் பதில் கடையின் குறி, சோதனை நிலையத்தின் குறி, ஆண்டைக் குறிக்கும் ஓர் ஆங்கில எழுத்து எல்லாம் வரிசையாக இருக்கும். முதல் எழுத்தான ‘ஏ’ 2000ஆம் ஆண்டைக் குறிக்கும்.

சிங்கப்பூர்ல வாங்கின நகைக்கு அரசாங்க முத்திரை இருக்குமே?

இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இங்கே ஹால்மார்க் கட்டாயம் அல்ல. விரும்பும் வியாபாரிகள் சிங்கப்பூர் அசே அலுவலகத்தில் சோதித்து முத்திரை போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான உள்ளூர் நகைகளில் கடையின் பெயரோ சுருக்கமோ, பக்கத்தில் 916 அல்லது 999 மட்டும்தான் இருக்கும். அந்தக் கடைச் சுருக்கம் பொன்னைவிடப் பெரிய துப்பு. சிராங்கூன் சாலையில் பழைய கடைக்காரர்களிடம் காட்டினால் ‘இது இன்னார் கடை’ என்று பார்த்தவுடன் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சீன எழுத்து போட்டிருக்கு, எண்ணே இல்லை. என்ன செய்ய?

பயப்படாதீர்கள், இரண்டு எழுத்து தெரிந்தால் போதும். ‘சூ ஜின்’ (足金) என்று படிக்கும் இரண்டு எழுத்துகளுக்கு ‘முழுத் தங்கம்’ என்று பொருள், 990 அல்லது அதற்கு மேல். அதற்கு முன்னால் ஆயிரம் என்ற சீன எழுத்து (千) இருந்தால் 999. மற்ற எழுத்துகள் பெரும்பாலும் கடைப் பெயர். சீன நண்பர் யாரிடமாவது படத்தைக் காட்டுங்கள், ஒரு நிமிடத்தில் படித்துவிடுவார்.

999 மிகவும் மென்மையானது. மணலில் உருண்டதில் முத்திரை பாதி தேய்ந்திருக்கும். நகத்தால் அழுத்திப் பார்க்காதீர்கள், தடம் விழும்.

835, 875, 950, 965: இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வரலையே?

வரும், ஆனால் ஊர் தெரிந்தால்தான் வரும். மலேசிய நகைகளில் 835 என்பது ஏறக்குறைய 20 காரட். 950-உம் அங்கே புழங்கும் தங்கத் தரம்தான். ஜொகூர் பாலத்தைத் தாண்டி வாங்கி வருபவர்கள் எத்தனை பேர்! 965 என்றால் தாய்லாந்து, அங்கே வழக்கமான தங்கம் 96.5 சதவீதம். எடையையும் அவர்கள் பாட் கணக்கில் சொல்வார்கள், நகைக்கு ஒரு பாட் 15.16 கிராம். 875 என்றால் 21 காரட், வளைகுடா நாடுகளில் அதிகம்.

இங்கேதான் கவனம் வேண்டும். இதே எண்கள் வேறு உலோகத்துக்கும் உண்டு. ஐரோப்பாவில் 835 வெள்ளிக்கும் போடுவார்கள். சோவியத் நாட்டில் 875-உம் 916-உம் வெள்ளிக்கும் இருந்த தரங்கள். 950 பிளாட்டினத்துக்கும் போடுவார்கள், பக்கத்தில் பெரும்பாலும் பி, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். ஆகவே எண்ணைப் பார்க்கும்போது நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். கடல் தண்ணீரில் கிடந்த வெள்ளி கறுத்துப்போயிருக்கும். 22 காரட் தங்கம் நேற்றுத் தொலைத்தது போலவே வெளியே வரும்.

உள்ளே எண் மாதிரியும் இருக்கு, கோடு மாதிரியும் இருக்கு. கூரை, வட்டம், புள்ளி...

அவை அரபு இலக்கங்கள். தலைகீழாக வைத்த கூரை போல இருந்தால் ஏழு. நேராக நிற்கும் கூரை எட்டு. சின்ன வட்டம் ஐந்து. புள்ளி சைபர். தலைகீழ்க் கூரை, வட்டம், புள்ளி என்று வரிசையாக வந்தால் 750. நேர்க்கூரை, தலைகீழ்க் கூரை, வட்டம் என்றால் 875. மோதிரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் ஏழு எட்டாகவும் எட்டு ஏழாகவும் தெரியும். வட்டமோ புள்ளியோ வலப்பக்கக் கடைசியில் வரும்படி பிடித்துக்கொள்ளுங்கள்.

நங்கூரம் ஒண்ணு, பக்கத்துல 375. கப்பல்காரர் மோதிரமா?

பிரிட்டிஷ் நகை. நங்கூரம் பர்மிங்காம் நகரச் சோதனை அலுவலகத்தின் குறி. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை, ஷெஃபீல்டுக்கு ரோஜா. கிரீடம் இருந்தால் அது பெரும்பாலும் தங்கம் என்பதற்கான குறி. கூடவே ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அது ஆண்டைச் சொல்லும், எழுத்தின் வடிவத்தையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒரு கிராமுக்குக் குறைவான தங்க நகைக்கு அங்கே ஹால்மார்க் தேவையில்லை, அதனால் சின்னக் கம்மலில் ஒன்றும் இல்லாமல் இருப்பது இயல்பு.

15 என்றும் .625 என்றும் சேர்ந்து இருந்தால் மனசு துள்ளும். 15 காரட்டை அவர்கள் 1932இல் நிறுத்திவிட்டார்கள், அதனால் அந்த நகை அதற்கு முந்தியது. பிரிட்டிஷ் படைகள் 1971இல் இங்கிருந்து கிளம்பும் வரை சாங்கி, செம்பவாங் பக்கம் குடும்பம் குடும்பமாக இருந்தவர்கள், அவர்கள் விட்டுப்போனவை அந்தக் கரைகளில் வருவதில் வியப்பில்லை. மாறாக ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை 1966இல் தொடங்கிய நிலமீட்பில் உருவானது. அங்கே கிடைப்பது பெரும்பாலும் நம் காலத்தில் தொலைந்ததுதான், உரியவர் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

குதிரை மேல ஒருத்தர் பாம்பைக் குத்தற காசு, மோதிரத்துல வச்சிருக்கு. காசுல 916 இல்லையே, போலியா?

அது பவுன் காசு, செயின்ட் ஜார்ஜ் டிராகனைக் குத்தும் படம். நாம் சவரன் என்று சொல்வது அந்தக் காசின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. அதில் தர எண்ணே போடுவதில்லை, 22 காரட்தான், எடை 7.98 கிராம். எட்டு கிராம் ஒரு சவரன் என்று நாம் கணக்குப் போடுவது இதை ஒட்டித்தான். முத்திரை இருந்தால் அது காசைச் சுற்றியுள்ள வளையத்தில் இருக்கும். போலிக் காசுகளும் உண்டு, அதனால் எடையையும் அளவையும் சரிபாருங்கள்.

முத்திரையே இல்லை. அப்போ தங்கமே இல்லைதானே?

அப்படி முடிவுகட்டாதீர்கள். நம் வீடுகளில் பத்தர் கையால் செய்து வாங்கிய பழைய நகைகளில் எழுத்தே இருக்காது. வீட்டுத் தங்கத்தைக் கொடுத்து, கண் முன்னால் உருக்கச் சொல்லி, உரைகல்லில் உரைத்துப் பார்த்து வாங்குவார்கள். நம்பிக்கைதான் அங்கே முத்திரை. ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்ற சொல்லே உரைகல் பேச்சிலிருந்து வந்தது.

பெரனாக்கான் சீனப் பெண்கள் மேற்சட்டையைப் பூட்டக் குத்தும் கெரொசாங் ஊசிகளிலும் பல சமயம் எண் இருக்காது. சிவந்த நிறத்தில் பழைய மலாய் நகை கிடைத்தால் அது சுவாசாவாக இருக்கலாம், செம்பு தூக்கலாகக் கலந்த தங்கம். காரட் குறைவுதான், ஆனாலும் வேலைப்பாட்டுக்காகவே பார்க்க வேண்டியது. இப்படி எண் இல்லாமல் வேலைப்பாடு மட்டும் பேசும் நகையை எந்தக் காரணத்துக்காகவும் உருக்கக் கொடுக்காதீர்கள்.

916 போட்டிருந்தும் போலியா இருக்குமா?

இருக்கும். முத்திரை அச்சு வாங்குவது கஷ்டமில்லை. ஒரு நண்பருக்குக் கிடைத்த தடித்த சங்கிலியில் 916 பளிச்சென்று இருந்தது. ஒரு வளையத்தின் விளிம்பில் மட்டும் பச்சை பூத்திருந்தது. அங்கே பார்த்தோம், உள்ளே பித்தளை. உரசல் படும் இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: கொக்கி உரசும் இடம், வளையங்கள் ஒன்றையொன்று தொடும் இடம், மோதிரத்தின் அடிப்பக்கம். நிறம் மாறியிருந்தால் முலாம்.

காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது. ஆனால் கொக்கிக்குள் இருக்கும் சின்ன சுருள்வில் எஃகுதான், அது ஒட்டுவதை வைத்து முழுச் சங்கிலியையும் ஒதுக்காதீர்கள். காந்தம் ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. பித்தளை, செம்பு, வெள்ளி எதிலும் காந்தம் ஒட்டாது.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி சொல்லுங்களேன், கீறாம.

தண்ணீர்ச் சோதனைதான். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். முதலில் மோதிரத்தை உலர்ந்தபடி நிறுத்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர்க் கோப்பையைத் தராசில் வைத்து, அதைச் சைபர் காட்ட வையுங்கள். மோதிரத்தை நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல், முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுக்க வேண்டும். 4.65 கிராம் மோதிரம், தண்ணீரில் 0.30 காட்டினால் 15.5. அது 18 காரட்டின் அடர்த்தி. 22 காரட்டுக்கு 17.7 அளவில் வரும், 14 காரட்டுக்கு 13, 9 காரட்டுக்கு 11. வெள்ளிக்கு 10.4, பித்தளைக்கு 8.5.

மோதிரத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், ஒரு சொட்டு சோப்பு விட்டுக்கொள்ளுங்கள். கல் பதித்தது, கூடாக இருப்பது, மேலே சொன்ன அரக்கு நிரப்பியது எதற்கும் இந்தச் சோதனை செல்லாது. டங்ஸ்டன் கார்பைடு ஆண் மோதிரங்களும் 15 பக்கம் வரும், அதனால் 15 வந்துவிட்டது என்று உடனே 18 காரட் என்று குதிக்காதீர்கள். டங்ஸ்டன் மோதிரத்தில் கோடு, கீறல் எதுவும் விழுந்திருக்காது. தங்கத்தில் கட்டாயம் விழுந்திருக்கும்.

ஆசிட் போட்டுப் பார்க்கலாம்னு நினைக்கிறேன். வாங்கலாமா?

வேண்டாம். அது நைட்ரிக் அமிலம், வீட்டுச் சமையலறையில் வைக்கும் பொருள் அல்ல. உரைகல்லில் உரைத்தாலும் கொஞ்சம் தங்கம் போகும், அதுவும் நமக்குச் சொந்தமில்லாத நகையில். நகைக்கடையிலோ அடகுக்கடையிலோ எக்ஸ்ரே கருவி வைத்திருப்பார்கள், சில வினாடிகளில் சதவீதம் சொல்லும், கீறல் இல்லை. ஆனால் அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். தடித்த முலாமை அது தங்கம் என்றே சொல்லக்கூடும். எக்ஸ்ரே முடிவும் தண்ணீர்ச் சோதனையும் ஒத்துப்போனால் எனக்குத் திருப்தி.

டிடெக்டர் திரையில வர எண்ணை வச்சே தங்கம்னு சொல்லிடலாமா?

முடியாது. மெல்லிய தங்க மோதிரமும் பான டின்னைத் திறக்க இழுக்கும் வளையமும் பல கருவிகளில் ஒரே எண்ணைக் காட்டும். தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

தோண்டுவதற்கு முன்னால், அந்த இடத்தில் தேட அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூங்காக்களுக்குத் தேசியப் பூங்காக் கழகம், செந்தோசாவுக்குச் செந்தோசா மேம்பாட்டுக் கழகம். தோண்டிய குழியை மூடிவிட்டு நகருங்கள். துருப்பிடித்த குண்டு போல ஏதாவது தெரிந்தால் தொடாமல் விலகி, போலீசை 999 என்ற எண்ணில் அழையுங்கள். போர்க்காலக் குண்டுகள் இந்தத் தீவில் இன்னும் வெளியே வருகின்றன.

முத்திரை இல்லாம பெயர், தேதி மட்டும் இருக்கு. அதை எப்படிப் படிக்கறது?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண மோதிரத்துக்குள் இரண்டு பெயர், ஒரு தேதி இருந்தால், 916ஐவிட அதைப் பத்திரமாகப் படம் எடுங்கள். தேதி எந்த வரிசையில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நாளா மாதமா எது முதலில் என்பதே நாட்டைக் காட்டும், அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 15, 17 என்று தனியாக ஓர் எண் இருந்தால் மோதிர அளவாக இருக்கலாம், காரட் என்று நினைத்துவிடாதீர்கள். 0.25 மாதிரி தசமப் புள்ளியோடு இருந்தால் வைரத்தின் எடையாக இருக்கும்.

இந்த விவரங்களைப் பொதுவில் முழுதாகப் போடாதீர்கள். ‘ஈஸ்ட் கோஸ்ட்டில் ஒரு மோதிரம் கிடைத்தது’ என்று மட்டும் சொல்லுங்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கேட்டு வருபவர் சொல்லட்டும்.

கிடைச்சவனுக்குத்தானே சொந்தம்? வித்துட்டா என்ன?

இல்லை. சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு இதை நேராகவே பேசுகிறது. அங்கே கொடுத்துள்ள உதாரணமே ஒரு மோதிரம்தான்: விலையுயர்ந்த மோதிரம் ஒன்றைக் கண்டெடுத்தவர், யாருடையது என்று தெரியாத நிலையில், உரியவரைத் தேட முயற்சி எடுக்காமல் உடனே விற்றால் அது குற்றம். பாதுகாக்கவோ திருப்பிக் கொடுக்கவோ எடுத்து வைப்பது குற்றம் இல்லை.

பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து, எங்கே, எந்த நாள், எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று எழுதிக் கொடுங்கள். ஒப்படைத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் எல்லா முத்திரையையும் எடையோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடகுக்கடைக்காரர் எடை போட்டு விலை சொன்னாலும், ‘உருக்கித் தருகிறேன்’ என்றாலும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உருக்கிய பிறகு தங்கம் இருக்கும், உரியவரைத் தேட வழி இருக்காது.

அண்ணே, தாலி ஒண்ணு கிடைச்சிருக்கு. தொடவே பயமா இருக்கு. முத்திரையும் இல்லை. என்ன பண்ணட்டும்?

பயப்பட ஒன்றும் இல்லை. கடலில் குளிக்கும்போது கொடி அறுந்து போவது நடக்கக்கூடியதுதான், அதற்கு மேல் கற்பனை வேண்டாம். சுத்தமான துணியில் வைத்து, மேலே சொன்னபடி நல்ல தண்ணீரில் மட்டும் அலசுங்கள். தாலியில் முத்திரை இல்லாமல் இருப்பது சாதாரணம், ஏன் என்று முன்பே சொன்னேன்.

முத்திரை இல்லாவிட்டாலும் தாலி பேசும். இரண்டு கிண்ணம் கவிழ்த்தது போலப் பொட்டு இருந்தால் தெலுங்குக் குடும்பமாக இருக்கலாம். ஆலிலை வடிவம் மலையாளக் குடும்பங்களில் உண்டு. சிலுவையோ புறாவோ இருந்தால் கிறிஸ்தவக் குடும்பம். பல உருக்கள் கோத்த கழுத்திரு என்றால் நகரத்தார். பக்கத்தில் கோத்திருக்கும் குண்டு, காசு, பவளம் எத்தனை, எந்த வரிசையில் என்று அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், கழற்றாதீர்கள். பறிகொடுத்த பெண்ணுக்கு அந்த வரிசை கண்ணை மூடினாலும் தெரியும்.

சென்ற வருடம் பாசிர் ரிஸ்ஸில் இப்படி ஒன்று எனக்குக் கிடைத்தது. போலீசில் ஒப்படைத்தபோது எடை, நீளம், குண்டுகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். கொக்கியின் உள்பக்கம் பத்தர் யாரோ போட்ட மூன்று சின்னக் கோடுகள் இருந்தன, அதை மட்டும் போலீசைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு அக்கா நிலையத்துக்கு வந்து கேட்டிருக்கிறார். முதலில் அவர் சொன்னது அந்த மூன்று கோடுகளைத்தான்.